மூன்று முடிச்சுகள்



நம் உடலில் இயற்கை இட்டிருக்கும் ஒரு நுண்ணிய முடிச்சைப் பற்றி இன்று பேச விழைகின்றேன். அது செவ்வையாக இருக்கும்வரை நாம் அதனை நினைப்பதில்லை. பிழைத்துவிட்டாலோ உயிருக்கே ஊறு நேர்கின்றது.

புரதம் என்பது அமினோ அமிலங்களைக் கோத்த சங்கிலி. அச்சங்கிலி உரிய வடிவில் மடிந்தாலன்றிப் பயன்படாது. கலங்களுக்கு வெளியே பணிபுரியும் புரதங்கள் பலவற்றில், ஏறக்குறைய 40 அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு சிறு பகுதி காணப்படுகின்றது. அதில் கந்தகம் பொருந்திய சிஸ்டீன் என்னும் அமிலம் 6 இடங்களில் அமைந்துள்ளது. முதலாவது மூன்றாவதோடும், இரண்டாவது நான்காவதோடும், ஐந்தாவது ஆறாவதோடும் பிணைகின்றன. தாலிக்கு இடுவது போலவே இங்கும் முடிச்சுகள் மூன்று.

இம்முடிச்சுக்குப் பெயர் வந்த வரலாறு சுவையானது. அமெரிக்க அறிஞர் ஸ்ரான்லி கோகன், சுண்டெலியின் உமிழ்நீர்ச் சுரப்பியிலிருந்து எடுத்த சாற்றைப் பிறந்த எலிக்குஞ்சுகளுக்குச் செலுத்தினார். அவை வழமைக்கு முன்னரே கண் திறந்தன. பற்களும் முந்தி முளைத்தன. அதற்குக் காரணமான புரதத்தை அவர் 1962இல் பிரித்தெடுத்தார். அதுவே மேற்றோல் வளர்ச்சிக் காரணி; 53 அமினோ அமிலங்களே கொண்டது. 1986இல் இவருக்கும் இத்தாலியப் பெண்மணி றீற்றா லெவி மொன்ரால்சினிக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

பின்னர் இதே முடிச்சு வேறு பல புரதங்களிலும் காணப்பட்டது. குருதியை உறையச் செய்யும் ஒன்பதாம் காரணியில் அது இருமுறை வருகின்றது. நம் உடலின் இழையங்களுக்கு வலுவூட்டும் பைபிரிலின் என்னும் புரதத்திலோ 47 முறை வருகின்றது. ஒரே வேர்ச்சொல் பல சொற்களில் நின்று வெவ்வேறு பொருள் தருவது போன்றதே இதுவும்.

பைபிரிலினில் ஓர் அமிலம் மாறி ஒரு முடிச்சு அவிழ்ந்தாலும் மார்பான் நோய் உண்டாகலாம். பிரெஞ்சு மருத்துவர் மார்பான் 1896இல் இதனை முதன்முதலில் விவரித்தார்; பைபிரிலினின் குறையே காரணம் என்பது 1991இல் தெளிவாயிற்று. ஏறக்குறைய 5,000 பேரில் ஒருவருக்கு இந்நோய் உண்டு. நெடிய உடல், நீண்ட கைவிரல்கள், கண்வில்லை இடம்பெயர்தல் ஆகியன இதன் அறிகுறிகள். இருதயத்திலிருந்து புறப்படும் பெருநாடி விரிந்து, ஒருநாள் கிழிந்துவிடுவதே பேராபத்து.

1984ஆம் ஆண்டு ஒலிம்பிக்கில் வெள்ளிப் பதக்கம் பெற்ற அமெரிக்கக் கரப்பந்தாட்ட அணியின் வீராங்கனை புளோ ஹைமன், 1986 ஜனவரியில் யப்பானில் ஓர் ஆட்டத்தின்போது சாய்ந்து உயிர்நீத்தார். அவருக்கு வயது 31. அவரைப் புகழுக்கு உயர்த்திய நெடிய உடலுக்குள்ளேயே இந்நோயும் மறைந்திருந்தமை இறந்த பின்னரே தெரிந்தது. அதன்பின் அவருடைய சகோதரரைப் பரிசோதித்தபோது அவருக்கும் அந்நோய் இருக்கக் கண்டனர். சத்திர சிகிச்சை செய்தனர்.

உயரமான பிள்ளைகளெல்லாம் நோயாளிகள் அல்லர். எனினும், மிக மெலிந்து நெடிதுயர்ந்து, விரல்கள் நீண்டு, பார்வையும் குன்றிய பிள்ளையை விளையாட்டு அணியில் சேர்க்குமுன் வைத்தியரிடம் காட்டுதல் பெற்றோருக்கும் ஆசிரியருக்கும் கடமையாகும். குடும்பத்தில் எவரேனும் இளவயதில் திடீரென இறந்திருப்பின் அதனையும் மறைக்காது சொல்லுங்கள். ஒலியலைக் கருவியால் பெருநாடியை அளக்கலாம். மருந்தும் சத்திர சிகிச்சையும் உண்டு. நோயாளரில் ஏறக்குறைய நால்வரில் ஒருவருக்குப் பெற்றோரிடம் இல்லாத மாற்றம் புதிதாகவே தோன்றுகின்றது. ஆதலால் இதனை எவருடைய குற்றமென்றும் சாபமென்றும் கொள்ளற்க. காலத்தில் கண்டறிந்தால் காக்கக்கூடிய உயிர் இது.