வேங்கடமும் வேழமும்

(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



வரும் கோடை விடுமுறையில் நம் சங்கக் குடும்பங்களின் கல்விச் சுற்றுலாவைச் சித்தூர், திருப்பதிப் பகுதிகளுக்கு வகுத்துள்ளோம். “திருப்பதிக்கு நாம் போகாத ஆண்டு உண்டா?” என்று சிலர் வினவினர். போகிறோம், வரிசையில் நிற்கிறோம், தொழுகிறோம், லட்டு வாங்கித் திரும்புகிறோம். மலையைக் கண்டோமா என்பதே கேள்வி.

சங்கப் புலவர்க்கு வேங்கடம் தமிழ் வழங்கிய நிலத்தின் வடவெல்லை. யானைகள் உலவிய காடு. புல்லி என்னும் தலைவனின் மலை. அக்காட்டையும் அங்கு வாழும் மக்களையும் ஒருசேரக் காண்பதே நம் நோக்கம்.

முதல் நாள், பலமனேரியை அடுத்த கௌண்டின்யா சரணாலயம். ஏறத்தாழ 200 ஆண்டுகள் யானையே இல்லாதிருந்த இப்பகுதிக்கு, 1980களில் ஓசூர்ப் பக்கத்துக் காடுகளிலிருந்து யானைகள் வந்து சேர்ந்தன. 1990இல் சரணாலயம் அமைந்தது. யானை மீண்டதில் நமக்கு மகிழ்ச்சி. ஒரே இரவில் விளைச்சலை இழக்கும் உழவனுக்கோ கண்ணீர். ஆதலின் யானையைக் காணாவிடினும், அவ்வுழவனோடு பேசாமல் திரும்புதல் கூடாது.

இரண்டாம் நாள், விஜயநகர மன்னரின் பிற்காலத் தலைநகராகிய சந்திரகிரி. 1639இல் ஆங்கிலக் கம்பெனி சென்னையில் காலூன்றிய வரலாறு இவ்வூரோடு தொடர்புடையது. மாலையில், 1987இல் திறந்த திருப்பதி விலங்கியல் பூங்கா. அது குழந்தைகளின் பொழுது.

மூன்றாம் நாள் திருமலை. பல்லவர் குலத்துச் சாமவை அளித்த கொடையைக் கூறும் 966ஆம் ஆண்டுக் கல்வெட்டு தமிழில் உள்ளது. மலையைச் சூழ்ந்த காடு 1989இல் தேசியப் பூங்காவாயிற்று. சேஷாசலம் 2010இல் உயிர்க்கோளக் காப்பகமாயிற்று. உலகில் வேறெங்கும் இயல்பாக வளராத செம்மரம் இம்மலைகளுக்கும் இவற்றை அடுத்த மலைத்தொடர்களுக்குமே உரியது.

அம்மரத்தின் விலையே அதற்குப் பகை. 2015 ஏப்ரல் 7ஆம் நாள், மரம் வெட்ட வந்தவர்கள் என்று கூறி, இக்காட்டில் 20 பேரைப் போலீசார் சுட்டுக் கொன்றனர். அவர்கள் திருவண்ணாமலை, தருமபுரி முதலிய தமிழ் மாவட்டங்களின் ஏழைத் தொழிலாளர். இதனைக் குழந்தைகளிடம் சொல்லலாமா என்று தாய்மார் சிலர் கேட்டனர். வயதறிந்து, வன்மமின்றிச் சொல்லவேண்டும் என்பதே நம் முடிவு. கூலிக்காக எல்லை கடந்தவர் அவர். பிழைப்புக்காக எல்லை கடந்தவர் நாம். காடும் அழியலாகாது, அதன் பொருட்டு ஏழையின் உயிரும் மலிவாகலாகாது.

1953இல் ஆந்திர மாநிலம் பிறந்தபோது சித்தூர் மாவட்டம் அதனுடன் சென்றது. ம. பொ. சிவஞானம், மங்கலங்கிழார் முதலியோரின் முயற்சிக்குப் பின், 1960 ஏப்ரலில் திருத்தணி சென்னை மாநிலத்தில் சேர்ந்தது. கோடு மாறினும் இருமொழியும் பேசும் வீடுகள் இருபுறமும் உள. அங்கே வழக்காடப் போகவில்லை, உறவறியப் போகிறோம்.

குடும்பந்தோறும் ஒரு பிள்ளையேனும் குறிப்பேடு கொண்டுவருக. திரும்பியபின் இம்மேடையிலேயே அவர்கள் படிக்கக் கேட்போம்.