பாடலைத் தாங்கும் மூச்சு



ஆர்கனில் எத்தனை குழாய்கள் இருந்தாலும், காற்று உள்ளே புகாமல் ஒன்றும் ஒலிக்காது. மண்ணால் உருவான மனிதனும் இறைவன் ஊதிய மூச்சால்தானே உயிர் பெற்றான்!

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963-இல் குழாய் ஆர்கனுக்குத் தனி மதிப்புத் தந்தது; வழிபாட்டுக்கு ஏற்ற பிற கருவிகளுக்கும் இடமளித்தது. அப்படித்தான் நம் கோயில்களில் ஆர்மோனியமும் கீபோர்டும் ஒலிக்கின்றன.

ஆனால், கருவி பாடலைத் தாங்க வேண்டும், அமுக்கக் கூடாது என்று திருத்தந்தை புனித பத்தாம் பயஸ் 1903-இலேயே நெறி வகுத்தார். அதை நான் மறந்தேன். கீபோர்டுக்குப் பெரிய ஸ்பீக்கர் வாங்கச் சொன்னவன் நானே. ஒரு ஞாயிறு, காணிக்கைப் பாடலின் நடுவில் மின்சாரம் நின்றது. பாடகர் குழுவின் நான்கு குரல்கள் மட்டும் மெலிதாகக் கேட்டன. மக்கள் எப்போதோ பாடுவதை நிறுத்திவிட்டிருந்தார்கள்; அந்தச் சத்தத்தில் எனக்குத்தான் தெரியவில்லை.

வரும் ஞாயிறு, கீபோர்டு வாசிப்பவர் ஒலியைக் குறைக்கட்டும். பாடகர் குழு எல்லாரும் அறிந்த பாடலைத் தேர்ந்துகொள்ளட்டும். நீங்களும் வாய் திறந்து பாடுங்கள். இறைவன் தந்த மூச்சை அவருக்கே புகழாகத் திருப்பித் தருவோம். ஆமென்.