கருவுறுதலுக்கு முன்னரே தொடங்கும் காற்றும் உணவும்

விழுப்புரம், நாகப்பட்டினம் மாவட்டங்களின் சிற்றூர்களில் விறகு எரித்துச் சமைத்துவந்த கர்ப்பிணிகளுக்கு எரிவாயு அடுப்பையும், பதினெட்டு மாதங்களுக்கு வேண்டிய எரிவாயுவையும் கட்டணமின்றி வழங்கினால், பிறக்கும் குழந்தைகளின் எடை கூடுமா என்று ஆராய்ந்த பெரிய ஆய்வொன்றின் முடிவு 2022 அக்டோபரில் வெளியானது. குவாத்தமாலா, பெரு, ருவாண்டா ஆகிய நாடுகளிலும் ஒரே முறையில் நடந்த அந்த ஆய்வில் ஏறத்தாழ 3200 பெண்கள் பங்கேற்றனர். அதன் தமிழ்நாட்டுப் பணியில் சென்னையிலுள்ள ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தின் பேராசிரியர் கல்பனா பாலகிருஷ்ணனும் அவர் குழுவினரும் முன்னின்றனர். யாருக்கு எரிவாயு, யார் பழைய அடுப்பிலேயே தொடர்வது என்பது ஆய்வாளரின் விருப்பத்துக்கு விடப்படாமல் குலுக்கல் முறையில் முடிவு செய்யப்பட்டதால், இரு பிரிவினரையும் நேர்மையாக ஒப்பிட முடிந்தது.

அந்த ஒப்பீட்டில் வெளிப்பட்ட செய்தி பலருக்கும் ஏமாற்றம் அளித்தது. விறகு, சுள்ளி, வறட்டி ஆகியவற்றின் புகையில் மிகத் தீங்கானவை 2.5 மைக்ரோமீட்டருக்கும் சிறிய நுண்துகள்கள். தலைமுடியின் தடிமனில் ஏறத்தாழ முப்பதில் ஒரு பங்கே இருக்கும் இவை மூக்கிலும் தொண்டையிலும் தங்காமல் நுரையீரலின் கடைசிக் காற்றறை வரை சென்று சேர்கின்றன. விறகடுப்பில் சமைத்த பெண்கள் சுவாசித்த காற்றில் இந்நுண்துகள் கன மீட்டருக்கு 70.7 மைக்ரோகிராம் என்ற அளவிலும், எரிவாயு பெற்றவர்களின் காற்றில் 23.9 என்ற அளவிலும் இருந்தது. புகை மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தும், குழந்தைகளின் சராசரி எடை எரிவாயுப் பிரிவில் 2921 கிராமாகவும் விறகடுப்புப் பிரிவில் 2898 கிராமாகவும் இருந்தது. பிற காரணிகளைச் சரிசெய்து கணக்கிட்டபோது எஞ்சிய வேறுபாடு ஏறத்தாழ 20 கிராம் மட்டுமே, அதுவும் தற்செயலாக நேர்ந்திருக்கலாம் என்று கருதத்தக்க சிறு அளவு.

இதைக்கொண்டு அடுப்புப் புகை கருவுக்குத் தீங்கற்றது என்ற முடிவுக்கு வருவது பெரும்பிழையாகும். ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தினரே 2018இல் வெளியிட்ட, தமிழ்நாட்டின் ஏறத்தாழ 1300 தாய்மாரைத் தொடர்ந்து கவனித்த மற்றோர் ஆய்வில், கர்ப்பகாலத்தில் நுண்துகள் 10 மைக்ரோகிராம் கூடும்போதெல்லாம் பிறப்பெடை சராசரியாக 4 கிராம் குறைவது தெரியவந்தது. எரிவாயு ஆய்வில் குறைந்த நுண்துகளின் அளவு ஏறத்தாழ 47 மைக்ரோகிராம் என்பதால், அந்தக் கணக்கின்படி எதிர்பார்க்க வேண்டிய எடைக்கூடுதல் 19 கிராம் அளவே ஆகும். வெவ்வேறு முறைகளில் நடந்த இரண்டு ஆய்வுகள் இவ்வளவு நெருங்கி நிற்பது கவனிக்கத்தக்கது: புகையின் தீங்கு மெய்யானது, ஆனால் கருவின் மெலிவுக்கு அது ஒன்றே காரணம் அன்று.

அத்தீங்கு எவ்வழியில் நிகழ்கிறது என்பதும் இப்போது ஓரளவு தெளிவாகியிருக்கிறது. தாயின் குருதியிலிருந்து உயிர்வளியையும் ஊட்டத்தையும் கருவுக்குக் கடத்தும் உறுப்பான நஞ்சுக்கொடியில், கருவை நோக்கிய பக்கத்திலேயே கரித்துகள்கள் படிந்திருப்பதை பெல்ஜியத்தின் ஹாசெல்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019இல் காட்டினர். புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடோ, குருதியின் சிவப்பணுக்களில் உயிர்வளியைச் சுமக்கும் புரதமான ஹீமோகுளோபினோடு, உயிர்வளியைக் காட்டிலும் 200 மடங்குக்கும் மேலான வலிமையோடு ஒட்டிக்கொள்கிறது. உயிர்வளி அமர வேண்டிய இருக்கைகளைப் புகை பறித்துக்கொள்ளும் அதே நேரத்தில், இரும்புச்சத்துக் குறைவால் இருக்கைகளின் எண்ணிக்கையே குறைந்திருந்தால் கருவின் நிலை என்னவாகும் என்று எண்ணிப் பார்க்க வேண்டும். 2019 முதல் 2021 வரை நடந்த தேசிய குடும்ப நல ஆய்வின்படி, இந்தியக் கர்ப்பிணிகளில் 52.2 விழுக்காட்டினர் இரத்தசோகை உடையவர்கள். புகையும் ஊட்டக்குறைவும் தனித்தனித் துறைகளின் பொறுப்பாகக் கருதப்பட்டாலும், தாயின் குருதியில் அவை ஒன்றாகவே சேர்கின்றன.

உணவைப் பற்றிய சான்றுகளும் இதே திசையைக் காட்டுகின்றன. 1990களில் புனேக்கு அருகிலுள்ள ஆறு சிற்றூர்களில் நடந்த ஆய்வு, தாய்மார் உண்ட மொத்தக் கலோரியைவிட, கீரை, பழம், பால் ஆகியவற்றை அடிக்கடி உண்டனரா என்பதே குழந்தையின் அளவோடு தொடர்புடையது என்று கண்டது. அதைத் தொடர்ந்து மும்பைக் குடிசைப் பகுதிகளில் 6500க்கும் மேற்பட்ட பெண்களைக்கொண்டு நடந்த சோதனையில், கீரையும் பழமும் பாலும் சேர்த்துச் செய்த சிற்றுண்டி நாள்தோறும் வழங்கப்பட்டது. அனைவரையும் சேர்த்துப் பார்த்தபோது எடையில் தெளிவான மாற்றம் இல்லை. ஆனால் கருவுறுவதற்கு மூன்று மாதங்களுக்கு முன்பிருந்தேனும் அதை உண்டுவந்தவர்களின் குழந்தைகள் சராசரியாக 48 கிராம் கூடுதல் எடையோடு பிறந்தன. மிக மெலிந்த தாய்மாருக்கோ இப்பயனும் கிட்டவில்லை என்பது வருத்தத்தோடு கருத வேண்டிய உண்மை. பல ஆண்டுகளாகத் தேய்ந்த உடலைச் சில மாதச் சிற்றுண்டி ஈடுசெய்வதில்லை.

எரிவாயு ஆய்வின் முடிவையும் இந்த ஒளியில் வைத்துப் பார்ப்பதே பொருந்தும். அதில் பெண்கள் சேர்க்கப்பட்டது கர்ப்பத்தின் 9ஆம் வாரத்துக்கும் 20ஆம் வாரத்துக்கும் இடையில். அதற்குள் நஞ்சுக்கொடியின் அடிப்படை அமைப்பு பெரும்பாலும் உருவாகிவிடுகிறது. மூளையும் தண்டுவடமும் தோன்றும் நரம்புக்குழாய், கருவுற்ற நான்கு வாரங்களுக்குள், அதாவது கரு தங்கியதைத் தாய் உறுதிப்படுத்திக்கொள்ளும் காலத்திலேயே மூடிக்கொள்கிறது. அதற்குத் தேவையான ஃபோலிக் அமிலத்தைக் கர்ப்பம் பதிவான பின் தரத் தொடங்குவது பெரும்பாலும் காலங்கடந்த செயலாகிவிடுகிறது.

ஆயினும் தாய்சேய் நலத் திட்டங்களில் பெரும்பாலானவை கர்ப்பப் பதிவிலிருந்தே தொடங்குகின்றன. தமிழ்நாட்டில் கர்ப்பத்தைப் பதிவு செய்யும்போது தரப்படும் பிக்மி எண்ணைப் பெற்ற பிறகே முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியும், அதனோடு இணைந்த ஊட்டச்சத்துப் பெட்டகமும் கிடைக்கின்றன. இவை அருமையான ஏற்பாடுகள் என்பதில் ஐயமில்லை. இவற்றுக்கு முந்தைய காலமே வெறுமையாக இருக்கிறது. 2016இல் தொடங்கிய உஜ்வாலா திட்டம் ஏழைக் குடும்பப் பெண்களின் பெயரில் எரிவாயு இணைப்பைத் தந்தபோதிலும், ஆய்வில் பங்கேற்றவர்களுக்குக் கிடைத்ததுபோல் உருளை கட்டணமின்றி வருவதில்லை. ஆதலால் காலையில் தேநீருக்கு எரிவாயுவும், சோற்றுக்கும் வெந்நீருக்கும் கருவேல விறகும் என்று இரண்டு அடுப்புகளும் ஒரே வீட்டில் எரிகின்றன. புதிதாக வந்த மருமகள் அந்த விறகடுப்பின் முன் அமர்ந்து சமைத்து, அனைவரும் உண்ட பின் எஞ்சியதை உண்பதும் பல வீடுகளில் இன்னும் மாறவில்லை.

கிராம சுகாதார செவிலியரிடம் தகுதியுள்ள தம்பதியரின் பதிவேடு ஒன்று நெடுங்காலமாக இருந்துவருகிறது. குடும்பக் கட்டுப்பாட்டுப் பணிக்கென்று பேணப்படும் அப்பதிவேட்டில் குழந்தைப்பேறு இனிமேல் நிகழவிருக்கும் பெண்களின் பெயர்களும் அடங்கியிருப்பதால், ஹீமோகுளோபின் பரிசோதனையும், ஃபோலிக் அமில மாத்திரையும், அங்கன்வாடியின் சத்துமாவும், மானிய விலையிலான உருளையும் கர்ப்பம் பதிவாகும்வரை காத்திராமல் அந்தப் பெயர்களிலிருந்தே தொடங்க இயலும்.