உண்ணியும் செராய் எண்ணெயும்



ஆயர் ஈத்தாம் பக்கத்துத் தோட்டப் பள்ளி ஒன்றில் நான் ஆசிரியராக இருக்கிறேன். சென்ற ஆண்டு அறிவியல் பாடத்தில் பூச்சி மருந்துகளைப் பற்றிப் பேசும்போது, "இரசாயன மருந்து ஆபத்தானது, செடி கொடியிலிருந்து எடுப்பது யாருக்கும் தீங்கு செய்யாது" என்று சொல்லிவிட்டேன். கேட்பதற்கு நன்றாக இருக்கும் வாக்கியம். மாணவர்களும் ஏட்டில் எழுதிக்கொண்டார்கள்.

ஐந்தாம் ஆண்டுப் பையன் ஒருவன் எழுதியதோடு நிற்கவில்லை. அவன் வீட்டு நாய்க்குட்டிக்குக் காது மடல், விரல் இடுக்கு எங்கும் உண்ணி. அவனுடைய அக்காள் முகப் பருவுக்காக வாங்கி வைத்திருந்த டீ ட்ரீ எண்ணெய்ப் புட்டியில் பாதியை அப்படியே குட்டியின் மேல் ஊற்றித் தேய்த்துவிட்டான். இரவில் குட்டிக்கு எச்சில் ஒழுகியது, உடம்பு நடுங்கியது, பின்னங்கால்கள் தள்ளாடின. தகப்பனார் அதைச் சாக்கில் சுற்றி, மோட்டார் சைக்கிளில் கால்நடை வைத்தியரிடம் கொண்டு போனார். மூன்றாம் நாள்தான் எழுந்து நடந்தது. மறுவாரம் பையன் என்னிடம் வந்து, "செடி எண்ணெய்தானே சார்?" என்று கேட்டான். அதற்கு என்னிடம் பதில் இல்லை. பிறகு தேடிப் படித்து அறிந்ததைத்தான் இன்று உங்களுக்குச் சொல்கிறேன்.

முதலில் உண்ணியை அறிந்துகொள்வோம். அது பூச்சி இனமன்று, சிலந்தியின் உறவு. முட்டையிலிருந்து வரும்போது ஆறு கால், வளர்ந்த பிறகு எட்டுக் கால். மாட்டுண்ணி ஒரே மாட்டின் மேல் ஏறத்தாழ மூன்று வாரம் தங்கி, வயிறு புடைக்க இரத்தம் குடித்துத் தரையில் விழும். விழுந்த பெண் உண்ணி 2,000, 3,000 முட்டைகள் இட்டுவிட்டுச் செத்துப்போகும். நாயுண்ணியின் பழக்கம் வேறு. குஞ்சாக ஒரு முறை, இளம் உண்ணியாக ஒரு முறை, வளர்ந்த பிறகு ஒரு முறை என்று மூன்று தடவை நாயின் மேல் ஏறும். ஒவ்வொரு தடவையும் இறங்கிவிடும். இறங்கி எங்கே போகிறது? சுவர் வெடிப்பு, பலகை இடுக்கு, நாய் படுக்கும் சாக்கின் மடிப்பு. இரத்தம் கிடைக்காமலே பல மாதம் அங்கே காத்திருக்கும். ஆகவே நாயின் மேல் நாம் காண்பது கூட்டத்தில் ஒரு சிறு பங்குதான். பாட்டி உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிடுங்கி நெருப்பில் போட்டும் ஏன் தீரவில்லை என்பதற்கு இதுவே காரணம்.

இரத்தம் குடிப்பதோடு இது நின்றால்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். மாட்டுக்குச் சிறுநீர் சிவந்து போகும் காய்ச்சலை உண்ணிதான் பரப்புகிறது என்று அமெரிக்காவில் தியபால்டு ஸ்மித், கில்போர்ன் என்ற இருவர் 1893-இல் நிறுவினார்கள். கொசுவால் மலேரியா பரவுவதை ரொனால்டு ராஸ் கண்டுபிடித்தது அதற்குப் பின்னர், 1897-இல். நமக்குப் பக்கத்திலும் ஒரு நிகழ்ச்சி உண்டு. 1963-இல் சிங்கப்பூரில் பிரிட்டிஷ் படையினர் வளர்த்த நாய்கள் மூக்கில் இரத்தம் வடிந்து மடிந்தன. அந்த நோய்க் கிருமியைச் சுமந்தது, நம் வீட்டு நாயின் காதில் இருக்கும் அதே பழுப்பு நிற உண்ணிதான்.

இதை ஒழிக்க மனிதன் கையாளாத நஞ்சு இல்லை. முதலில் பாஷாணம் கரைத்த தொட்டியில் மாடுகளை முக்கி எடுத்தார்கள். பிறகு டி.டி.டி., அதன் பிறகு இன்னும் பல மருந்துகள். ஒவ்வொன்றும் சில காலம் வேலை செய்தது. அப்புறம் உண்ணி பழகிக்கொண்டது. மருந்தில் சாகாமல் தப்பிய சில உண்ணிகளின் சந்ததியே பெருகியது என்பதுதான் அதன் பொருள். பாலிலும் இறைச்சியிலும் மருந்து தங்குகிறது என்ற கவலை வேறு. இதனால்தான் ஆராய்ச்சியாளர்கள் செடிகளின் வாசனை எண்ணெய்களின் பக்கம் திரும்பினார்கள்.

வாசனை எண்ணெய் என்பது நல்லெண்ணெய்போல் செக்கில் ஆட்டி எடுப்பதன்று. இலையையோ புல்லையோ நீராவியில் வேகவைத்து, அந்த ஆவியைக் குளிரச் செய்து, மேலே மிதப்பதை வடித்து எடுப்பார்கள். வேப்பெண்ணெய் இந்த வகையில் சேராது. அது விதையைப் பிழிந்து எடுப்பது. நம் நாட்டில் எல்லாருக்கும் தெரிந்த வாசனைப் புல் செராய். குழம்பில் போடுவது ஒரு வகை. தண்டு சிவந்து, மணம் காட்டமாக இருக்கும் செராய் வாங்கி இன்னொரு வகை. சிங்கப்பூரில் கேலாங் செராய் என்ற வட்டாரத்துக்குப் பெயர் வந்ததே, ஒரு காலத்தில் அங்கே எண்ணெய்க்காகச் செராய் பயிரிட்டதால்தான். கேரளத்தில் ஓடக்காலி என்ற ஊரில் இப்புல் வகைக்காகவே 1951-இல் ஓர் ஆராய்ச்சி நிலையம் தொடங்கினார்கள்.

இந்த எண்ணெய் உண்ணியை எப்படி விரட்டுகிறது? உண்ணியின் முன்னங்கால் நுனியில் ஒரு சிறு குழி இருக்கிறது. மூச்சுக் காற்றையும் உடல் வாடையையும் அதனால்தான் அது மோப்பம் பிடிக்கிறது. லாலான் புல்லின் நுனியில் ஏறி முன்னங்கால்களைத் தூக்கிக் காத்திருக்கும் உண்ணியை நீங்கள் பார்த்திருக்கலாம். செராய் வாங்கியிலுள்ள சிட்ரோனெல்லால், ஜெரானியோல் முதலிய பொருள்கள் அந்த மோப்பத்தைக் குழப்புகின்றன. அளவு கூடினால் நரம்பையும் தாக்கிக் கொல்கின்றன. ஆய்வுக்கூடத்தில் கிராம்பு எண்ணெயும் செராய் எண்ணெயும் உண்ணிகளைக் கொன்றது உண்மை.

ஆனால் ஆய்வுக்கூடத்தில் உண்ணியைக் கண்ணாடித் தட்டில் வைத்து எண்ணெயில் முக்குகிறார்கள். மாட்டின் மேல் முடி இருக்கிறது, வியர்வை இருக்கிறது, நம் ஜொகூர் மழை இருக்கிறது. மணம் நம் மூக்குக்கு வருகிறதென்றால் எண்ணெய் ஆவியாகிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். செராய் எண்ணெயின் காவல் ஓரிரு மணி நேரத்தில் தளர்ந்துவிடும். மண், பருவம், அறுத்த காலம் ஆகியவற்றைப் பொறுத்து எண்ணெயின் காரமும் மாறும். இதற்காகத்தான் எண்ணெயிலிருந்து ஒரு பொருளை மட்டும் பிரித்து, அளவோடு மருந்தாக்கப் பார்க்கிறார்கள். சாத்துக்குடிக்கு உறவான பம்பளிமாசு இனப் பழத்தில் இருக்கும் நூட்கடோன் என்ற வாசனைப் பொருளை, உண்ணியைக் கொல்லவும் விரட்டவும் ஏற்றதென்று அமெரிக்க அரசு 2020-இல் பதிவு செய்தது.

இனி அந்தப் பையனின் கேள்விக்கு வருகிறேன். டீ ட்ரீ என்பதற்கும் நாம் குடிக்கும் தேயிலைக்கும் சம்பந்தமில்லை. அது ஆஸ்திரேலிய மரம்; நம் சதுப்பு நிலத்து கெலாம் மரத்துக்கு உறவு. அதன் எண்ணெய் கலப்பில்லாமல் பட்டால் தோல் வழியாக உள்ளே போகும். நாய் நக்கினால் வயிற்றுக்கும் போகும். உண்ணியின் நரம்பைத் தாக்கும் காரம் குட்டியின் நரம்பை மட்டும் விட்டுவைக்குமா? பூனைக்கு இன்னும் ஆபத்து. இவ்வகைப் பொருள்களை முறித்து வெளியேற்றும் சக்தி அதன் ஈரலுக்குக் குறைவு. செடியிலிருந்து வந்ததா, தொழிற்சாலையிலிருந்து வந்ததா என்பதன்று விஷயம். எவ்வளவு, எதன்மேல், எத்தனை நேரம் என்பதே. அரளியும் செடிதானே! அந்த வாக்கியத்தை ஏட்டில் அடிக்கச் சொன்னேன். சிவப்பு மையில் நானே என் பாடக் குறிப்பிலும் அடித்தேன்.

அப்படியானால் வீட்டில் என்ன செய்யலாம்? நாய் படுக்கும் சாக்கைக் கொதிநீரில் போட்டு அலசி வெயிலில் காயவையுங்கள். கூட்டின் இடுக்குகளைச் சிமெந்தால் பூசுங்கள். லயத்தைச் சுற்றிப் புல்லை ஒட்ட வெட்டுங்கள். நாய்க்கு மருந்து போடும் நாளிலேயே கூட்டையும் சுத்தம் செய்யவேண்டும். ஒன்றை விட்டு ஒன்றைச் செய்தால் பயனில்லை. மருந்தை நாயின் எடையைச் சொல்லி வைத்தியரிடம் கேட்டு வாங்குங்கள். நாய்க்கு வாங்கிய மருந்தைப் பூனைக்குப் போடாதீர்கள்; பூனை செத்துப்போகக் கூடும். வேலி ஓரத்தில் செராய் வாங்கி நடுவதில் தவறில்லை. ஆனால் புல் நின்றால் மட்டும் உண்ணி ஓடிவிடாது. இலையைக் கசக்கினால்தான் எண்ணெய் வெளிவரும்.

வெளிக்காட்டு வேலைக்குப் போகிறவர்கள் வீடு திரும்பியதும் அக்குள், இடுப்பு, காதின் பின்புறம் ஆகிய இடங்களைப் பார்த்துக்கொள்ளவேண்டும். உண்ணி கடித்துப் பிடித்திருந்தால் மண்ணெண்ணெய் ஊற்றுவதும், தீக்குச்சியால் சுடுவதும், தைலம் தடவுவதும் வேண்டாம். கூர்மையான இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, திருகாமல் நேராக இழுத்து எடுங்கள். கையால் நசுக்காதீர்கள். கடித்த இடத்தைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். அதற்குப் பின் சில நாள், சில வாரங்களில் காய்ச்சல் கண்டால், உண்ணி கடித்ததை டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.