உட்செய்தியும் சான்றும்

பங்கு வாங்குதல் குற்றமன்று. கம்பனியின் உட்செய்தியை முறைகேடாகப் பெற்று வாங்குதலே குற்றம். ஆயினும், இரண்டுக்கும் கணக்கேட்டிற் பதிவு ஒன்றே. விற்றவரோ தம் இழப்பை அறியார். ஆதலின் முறையிடுவாரும் இலர்.

2008 செப்டெம்பர் 23ஆந் திகதி, நியூயோர்க்கின் கோல்ட்மன் சாக்ஸ் வங்கியில் வொரன் பபெற்றின் நிறுவனம் 500 கோடி டொலர் முதலிட இருந்தது. அச்செய்தி வெளியாகுமுன், வங்கிப் பணிப்பாளர் ரஜத் குப்தா, கொழும்பிற் பிறந்த நிதி முகாமையாளர் ராஜ் ராஜரத்தினத்தைத் தொலைபேசியில் அழைத்தார். சந்தை மூடுமுன் பங்குகள் வாங்கப்பட்டன. அவ்வுரையாடலுக்கு ஒலிப்பதிவு இல்லை. மறுநாள் ராஜரத்தினம் தம் ஊழியரிடம் அதுபற்றிக் கூறியதே, நீதிமன்ற அனுமதியுடன் ஒட்டுக்கேட்கப்பட்டிருந்தது.

2011இல் அவருக்கு 11 ஆண்டுச் சிறை. 2012இல் குப்தாவுக்கு 2 ஆண்டு. ஒலிப்பதிவற்ற வழக்குகளில் எஞ்சுவன அழைத்த நேரமும் வாங்கிய நேரமுமே. அவை ஐயத்தை எழுப்பும். ஐயந்திரிபறக் குற்றத்தை நிறுவுதல் அரிது.