பழகிய ருசி ஒன்று



இரண்டு குடும்பம் ஒன்றாகச் சேர்ந்த வீடு. அப்பாவுக்கு ஒரு மகள், சித்திக்கு ஒரு மகன். சேர்ந்து கொண்டாடும் முதல் பொங்கல். சித்திக்கு ஊர் மதுரை. காலையிலிருந்து அடுப்படியை விட்டு நகரவில்லை. சர்க்கரைப் பொங்கல், வெண்பொங்கல், பல காய் போட்ட குழம்பு, வடை. தாத்தா, பாட்டி, அத்தை, மாமா என்று வீடு நிறைய ஆட்கள்.

இலை போட்டாயிற்று. நுனி இடது பக்கம் வர, முறையாகத்தான் போட்டார்கள். பெண் குழந்தை மட்டும் இலையையே பார்த்துக்கொண்டிருந்தது. மெதுவாகக் கேட்டது: "அவியல் இல்லையா சித்தி?"

அவள் அம்மா நாகர்கோவில்காரர். தேங்காய் எண்ணெய் மணக்கும் அவியல் இல்லாமல் அந்தப் பிள்ளைக்குப் பண்டிகைச் சாப்பாடே கிடையாது.

சித்தி கோபப்படவில்லை. அடுத்த பொங்கலுக்கு, அந்தப் பிள்ளையின் அம்மாச்சிக்கே போன் போட்டுப் பக்குவம் கேட்டார். காயை நீளநீளமாக நறுக்கினார். கடைசியில் பச்சைத் தேங்காய் எண்ணெய் ஊற்றிக் கறிவேப்பிலை கிள்ளிப் போட்டார். கரண்டியைப் பிள்ளை கையில் கொடுத்து, "நீயே எல்லாருக்கும் வை கண்ணு" என்றார். அவள் முதலில் வைத்தது தம்பி இலையில்!

புது உறவு ஒரே நாளில் ஒட்டாது. ஆனால் பழகிய ருசி ஒன்று இலையில் இருந்தால், "இது நம் வீடுதான்" என்று பிள்ளைக்குத் தோன்றும்.

உங்கள் வீட்டிலும் அப்படியொரு பிள்ளை இருக்கிறதா? பண்டிகைக்கு முன்பே கேளுங்கள்: "உனக்கு என்ன செய்யட்டும்?" பழகிய ருசி ஒன்று, பந்தியில் இருக்கட்டும்.