வாசிக்க வராத பிள்ளைக்கும் சட்டம் துணை



"நல்லாத்தான் பேசுறான், கடைக் கணக்கை மனசுலேயே போடுறான். புத்தகத்தை எடுத்தா மட்டும் ஒரு வரி ஓடலே." இப்படிச் சொல்லும் பெற்றோர் பல ஊர்களில் உண்டு. "உங்க வம்சத்துப் புத்தி" என்பாள் மனைவி. "நீ கொடுத்த செல்லம்" என்பான் கணவன். முடிவில், ஆடு மேய்க்க அனுப்பிவிடலாம் என்று தோன்றும். அவசரப்படாதீர்கள்.

கண், காது, அறிவு எல்லாம் சரியாக இருந்தும், பல மாதம் சொல்லிக் கொடுத்தும், எழுத்துக் கூட்டி வாசிக்க வரவில்லையா? அது டிஸ்லெக்சியா என்னும் கற்றல் குறைபாடாக இருக்கலாம். இது சோம்பலும் அல்ல, மந்தபுத்தியும் அல்ல. எழுத்தையும் ஒலியையும் இணைப்பதில் மூளைக்கு உள்ள சிரமம். சில குடும்பங்களில் வழிவழியாக வரும். அதற்காக யாரையும் குறை சொல்லக் கூடாது. அடித்தால் தீராது, மருந்தும் கிடையாது. தகுந்த முறையில், பொறுமையாகக் கற்பித்தால் பிள்ளை முன்னேறும்.

சட்டம் என்ன சொல்கிறது? 2016-ம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளில் இதையும் சேர்த்துள்ளது. அரசு நிதியோ அங்கீகாரமோ பெற்ற பள்ளிகள் இக்குறையைச் சீக்கிரமே கண்டறிந்து, ஏற்ற முறையில் கற்பிக்க வேண்டும் என்கிறது 16-வது பிரிவு. தேர்வில் கூடுதல் நேரம், பிள்ளை சொல்லச் சொல்ல எழுத ஓர் ஆள், இரண்டாம், மூன்றாம் மொழிப் பாடத்தில் விலக்கு ஆகிய சலுகைகளை 17-வது பிரிவு சொல்கிறது. பிள்ளையை அடிப்பதையும், மனம் நோகச் செய்வதையும் 2009-ம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் தடை செய்கிறது.

நீங்கள் செய்ய வேண்டியவை:

1. கணவனும் மனைவியும் சேர்ந்தே போய்த் தலைமையாசிரியரைப் பாருங்கள். மனுவாக எழுதிக் கொடுத்து, நகல் ஒன்றைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

2. பள்ளிக்கு வரும் மருத்துவக் குழுவிடம் பிள்ளையின் சிரமத்தைச் சொல்லுங்கள். முதலில் கண்ணையும் காதையும் சோதித்துவிடுங்கள்.

3. அரசு மருத்துவமனையில் பரிசோதனை செய்து சான்றிதழ் பெறுங்கள். வழி தெரியாவிட்டால் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேளுங்கள். பரீட்சை நெருங்கட்டும் என்று இருக்க வேண்டாம்.

இது பெண் பிள்ளைக்கும் பொருந்தும். "படிப்பு வரலே, கட்டிக் கொடுத்துடலாம்" என்று முடிவு செய்யாதீர்கள்.

சலுகை கேட்பது பிச்சை அல்ல, உரிமை. பிள்ளைக்காக நீங்கள் இருவரும் வாய் திறந்து கேளுங்கள்.